புளூடூத்தை மட்டும் தொடாதே

சாந்தாமணி அந்தச் சின்னக் கட்டத்தில் டிக் போட்டாள். கை தானாகப் போய்விட்டது என்று மனசுக்குள் ஒரு குரல் உடனே சாட்சி சொல்ல வந்தது, தானாக ஒன்றும் போகவில்லை என்று இன்னொரு குரல் அதை மறித்தது, அதற்குள் கடவுச்சொல் கேட்டு ஒரு பெட்டி வந்துவிட்டது, அதையும் அடித்தாள், கறுப்புப் புள்ளிகள் வரிசையாக விழுந்தன, எண்டர். வாராவாரம் வருகிற பெட்டிதான் இது, புதுப்பிப்புகள் இருக்கின்றன, நிறுவலாமா என்று கேட்டுக்கொண்டு திரை நடுவில் வந்து நிற்கும், வாராவாரம் அவளும் பட்டியலில் இறங்கிப் போய்ப் புளூடூத் என்று எழுதிய வரியில் மட்டும் டிக்கை எடுத்துவிட்டு மற்றதுக்கெல்லாம் சரி சொல்லுவாள், ஏனென்றால் கணவர் சென்னியப்பன் வாய் குழறத் தொடங்கிய காலத்தில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான், எதை வேணாலும் ஏத்து, புளூடூத்தை மட்டும் தொடாதே. இன்றைக்கு எடுத்தாள், திரும்பப் போட்டாள். கம்ப்யூட்டர் கேட்டது, நான் ஆமாம் என்றேன், அவ்வளவுதானே. சக்கர நாற்காலியில் கழுத்துப் பட்டையோடு அவர் அதே திரைக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார், அவளுடைய கை போன வழியெல்லாம் அவர் கண்ணும் போனது, அவரால் அசைக்க முடிந்தது கண்ணையும் வலது கன்னத்தில் ஒரு கொத்துத் தசையையும்தான், அந்தக் கன்னத்தில் ஒட்டியிருந்த பொட்டு மாதிரியான சென்சார் துடிக்கத் தொடங்கியது. திரையின் கீழ்ப்பாதியில் எழுத்துகள் வரிசை வரிசையாக வெளிச்சமாகிக்கொண்டே போகும், வேண்டிய எழுத்து வரும்போது அவர் கன்னத்தை இழுப்பார், சென்சார் புளூடூத் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், எழுத்து எழுத்தாகச் சேர்ந்து சொல்லானதும் ஓர் இயந்திரக் குரல் அதைப் பேசும், அதுதான் அவர் பேச்சு, அதைத் தவிர வேறு பேச்சு அவருக்கு இல்லை. வ விழுந்தது. வே ஆனது. வேண்டாம் என்று சொல்ல வருகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. மேலே பச்சைக் கோடு வளர்ந்துகொண்டே போனது, கீழே அவர் எழுதிக்கொண்டிருந்தார், எது முந்தும் என்று இரண்டு பேருமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அடிக்கடி சொல்கிற சொல்லை அந்த மென்பொருள் கற்றுவைத்துக்கொண்டு, முதல் எழுத்தைத் தொட்டவுடனே இதுவா இதுவா என்று தட்டில் வைத்து நீட்டும், வே என்றதும் அது நீட்டிய சொல்லின்மேல் பதறிய கன்னம் தப்பாக இழுத்துவிட்டது. “வேகமா,” என்றது குரல். பச்சைக் கோடு முட்டியது. வெளிச்சம் வரிசைகளில் ஓடிக்கொண்டே இருந்தது, கன்னம் இழுத்து இழுத்துப் பார்த்தது, ஓர் எழுத்தும் விழவில்லை, சென்சாரின் ஓரத்தில் நீல விளக்கு மட்டும் யாரையோ தேடுகிற மாதிரி மினுக் மினுக்கென்றது.

ஆடிக் காற்று ஜன்னலைப் போட்டு உலுக்கியது. பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து கோயம்புத்தூர் முழுக்கத் தாண்டி இந்தச் சரவணம்பட்டி மூன்றாம் மாடிக்கு வந்து இந்த ஒரு கொக்கியை ஆட்டவா இவ்வளவு தூரம் வருகிறது என்று நினைத்தாள், நினைத்ததும் சிரிப்பு வந்தது, சிரிப்பை அடக்கவேண்டியதில்லை என்று தோன்றியதும் பயமாக இருந்தது. காலையில் எல்லாரும் சிரித்தார்கள். தங்கச்சி வளர்மதி மகளின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்திருந்தாள், கூட அவள் வீட்டுக்காரர், சம்பந்தி வீட்டில் இரண்டு பேர், தாம்பாளத்தில் பழமும் பூவும் பத்திரிகையும், முதல் பத்திரிகை மாமாவுக்குத்தான் என்று வளர்மதி அவர் மடியில் வைத்தாள், அவர் கன்னம் அசையத் தொடங்கியது, மாமா ஏதோ சொல்ல வர்றாரு என்று எல்லாரும் எழுந்து நின்றார்கள், ஆசீர்வாதத்துக்கு நிற்கிற மாதிரி பயபக்தியோடு. சாந்தாமணி திரையைப் பார்க்கிற பக்கம் நின்றிருந்தாள். இ விழுந்தது, வ விழுந்தது, எழுத்துக்கு எழுத்து எவ்வளவு பாடு என்று பக்கத்திலேயே இருப்பவளுக்குத்தான் தெரியும், நெற்றியில் வேர்க்கும், எச்சில் வழியும், துடைக்கவேண்டும், துடைத்தாள். துடைத்த கையோடு நின்றபோது குரல் சொன்னது: “இவ வந்தா பந்தியில சோறு பத்தாது.” கொல்லென்று சிரிப்பு. “மாமாவுக்கு இன்னும் அந்தக் குசும்பு போகலை பாரேன்,” என்றாள் வளர்மதி, சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சாந்தாமணியின் இடுப்பைப் பார்த்தாள். அவளும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்ய. நோயாளி இத்தனை வேதனையிலும் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று ஊர் மெச்சும்போது பெண்டாட்டி மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ள முடியுமா. அவர்கள் போனபின் தாம்பாளத்தைக் கழுவினாள், சோற்றை வடித்தாள், அவருக்குக் கஞ்சியைக் கரைத்து ஊட்டினாள், ஊட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் ம என்று எழுத, மென்பொருள் மக்கு என்று நீட்ட, அவர் எடுத்துக்கொள்ள, “மக்கு, சூடு,” என்றது குரல். ம என்றால் மக்கு. த என்றால் தண்டம். எ என்றால் எருமை. எந்த எழுத்தைத் தொட்டாலும் அவளுக்கென்று ஒன்று தயாராக இருந்தது, ஆனால் சா என்று தொட்டால் சாப்பாடு, சாவி, சாயங்காலம் என்று வருமே ஒழிய சாந்தாமணி வராது, ஒருநாள் அவர் தூங்கும்போது அவளே தொட்டுப் பார்த்திருக்கிறாள், கடைசிவரை நகர்த்திப் பார்த்தும் வரவில்லை. அதுவும் கம்ப்யூட்டர் தானே. அது அவர் சொன்னதைத்தான் வைத்திருக்கும். கம்ப்யூட்டர் கேட்டது, நான் ஆமாம் என்றேன்.

தட்டில் சோறு போட்டுக்கொண்டு அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள். எத்தனையோ காலமாக அவள் அடுக்களையில் நின்றபடி சாப்பிடுகிறவள், உட்கார்ந்தால் கூப்பிடுவார், கூப்பிடுவார் என்று நினைத்தே விழுங்கியதில் ருசி என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. ரசத்தில் மிளகு தூக்கலாக இருந்தது. நன்றாக இருந்தது. மறுபடி போட்டுக்கொண்டாள். பத்தாது என்றாரே, பத்துகிறதா பாருங்கள் என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை, சொல்லாததாலேயே அது இன்னும் கொடூரமாக உள்ளே தங்கியது. அவர் கண் அவளையே பார்த்தது. அந்தக் கண்ணுக்கு ஒரு மொழி உண்டு, பேச்சு நின்று, சென்சாரைக் கன்னத்தில் ஒட்டுவதற்கு முன்னால் வைத்துக்கொண்டது, மேலே பார்த்தால் ஆமாம், ஓரமாகப் பார்த்தால் இல்லை, அவள் கேள்வி கேட்டால் போதும், பதில் வரும். அதனால்தான் அவள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். கேட்டால்தானே பதில். பார்த்தால்தானே கேட்கவேண்டும். இந்த சென்சார் பழசு என்று, அதைக் கன்னத்தில் ஒட்டும் முன்பே, பாடம் சொன்ன அன்றைக்கே அவர் விளக்கியிருந்தார், பேர் ஊர் சொல்லி முறையாகச் சேரத் தெரியாத சாதனம், இப்போது இருக்கிற மென்பொருள் யாரென்று கேட்காமல் உள்ளே விட்டுவிடும், புதுசு விடாது, விடாதது சரிதான், பழையதில் ஓட்டை இருக்கிறது, பக்கத்து ஃபிளாட்டில் இருக்கிறவன் நினைத்தால் என் பேரில் எழுதலாம், என் குரலில் பேசலாம். “ஐயோ, அப்படின்னா மாத்திடலாமுங்களே?” என்று கேட்டாள். “எவன் வந்து எழுதப்போறான்? எழுதி என்ன கிழிக்கப்போறான்? நீ சொன்னதை மட்டும் செய்.” கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் முழுக்க அவர் கையில் இருந்தது, காசு கொடுத்து மென்பொருள் வாங்குகிறவனெல்லாம் அடிமை என்பார், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அதுதான் சுதந்திரம் என்று மாணவர்களுக்கு மணிக்கணக்கில் பேசுவார், வீட்டில் அந்தக் கம்ப்யூட்டரின் மேலிருக்கும் தூசியைக்கூட அவள் தட்டக்கூடாது. விரல்கள் போன பிறகுதான் தொடவிட்டார். வேறு விரல் இல்லையே. அவர் குழறக் குழறச் சொல்ல, அவள் அர்த்தம் தெரியாமல் கந்த சஷ்டி மாதிரி மனப்பாடம் பண்ணினாள், ஒரு புள்ளி விட்டால் எருமை, ஒரு இடைவெளி விட்டால் மக்கு. இது என்றைக்காவது கை தவறி ஏறிவிட்டால் எப்படிப் பழையதுக்குத் திரும்புவது என்பதும் அந்தப் பாடத்தில் இருந்தது. பழைய பதிப்பைத் தனியாக எடுத்துவைத்திருந்தார். இன்ன கட்டளை, பிறகு இன்ன கட்டளை, பிறகு அணைத்துப் போடு. அவளுக்குத் தெரியும். இப்போதே செய்யலாம். கை கழுவிவிட்டுச் செய்யலாம். கை கழுவினாள். தட்டைக் கழுவினாள். அடுப்பைத் துடைத்தாள், துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தாள்.

சொந்தக் குரலில் அவர் கடைசியாகச் சொன்னது என்ன என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஒரு சாயங்காலம், ஈரத்துண்டால் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஏதோ சொன்னார், நாக்கு ஒத்துழைக்கவில்லை, “என்னங்க?” என்றாள், மறுபடி சொன்னார், “என்னங்க, தண்ணியா?” என்றாள், இல்லை, மறுபடி, “முதுகா? ஜன்னலா?” அவர் கண்ணை மூடிக்கொண்டார், அதோடு சரி, அடுத்த நாளிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. நல்லதாக எதுவோ சொல்லியிருப்பார் என்று சில நாள் நினைப்பாள். திட்டியிருப்பார் என்று சில நாள். எது என்று தெரியாததனால் எல்லா நாளும் அதில் வந்து, முள்ளில் துணி மாட்டுகிற மாதிரி மாட்டிக்கொள்வாள், இப்போதும் மாட்டிக்கொண்டாள், அடுப்புத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள், காலிங் பெல் அடித்தது.

பிசியோதெரபி பண்ணுகிற அபுதாகிர். வாரத்தில் சில நாள் வந்து கைகால் மூட்டுகளை நீட்டி மடக்கி இறுகாமல் பார்த்துவிட்டுப் போகிற பையன், அவளை அக்கா என்பான், அவரை சார் என்பான், அவர் லேபில் படித்தவன் இல்லை என்றாலும் படித்தவன் மாதிரி பயப்படுவான். “சார், எப்படி இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுத் திரையைப் பார்த்து நின்றான். வெளிச்சம் வரிசைகளில் ஓடியது. ஒன்றும் வரவில்லை. “என்னக்கா, சார் இன்னைக்கு அமைதியா இருக்காரு?” இதோ இப்போது சொல்லவேண்டும், அப்டேட்டில் கெட்டுப்போச்சு தம்பி, சரி பண்ணணும் என்று, வாயைத் திறந்தால் அதுதான் வரும் என்று நம்பித்தான் வாயைத் திறந்தாள். “பேச இஷ்டமில்லைன்னுட்டாருங்க,” என்றது வாய். “காலையில சொந்தக்காரங்க வந்திருந்தாங்க, நிறையப் பேசிட்டாரு.” “அந்த நீல லைட் ஏன் மினுக்குது?” “அப்டேட் ஓடுதுங்க.” பொய்யே இல்லை, ஓடியதுதானே. அவன் காலை முடித்துவிட்டுத் தோளுக்கு வந்தான். வலது தோள். அதைத் தூக்கினால் அவருக்கு உயிர் போகும், ஒவ்வொரு தடவையும் பாதியிலேயே குரல் ‘வலி’ என்று சொல்லும், அபுதாகிர் சட்டென்று நிறுத்திவிடுவான், வலியை மட்டும் ஒரே இழுப்பில் சொல்ல முடிகிற மாதிரி மூலையில் ஒரு கட்டமே போட்டுவைத்திருந்தார். இப்போது கையைத் தூக்கிக்கொண்டே வந்த அபுதாகிர் வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் நிறுத்தித் திரையைப் பார்த்தான், காதைத் தீட்டினான், பிறகு அவளைப் பார்த்தான். “இன்னும் கொஞ்சம் மேல போலாங்களாக்கா? சார் ஒண்ணும் சொல்லலையே.” காற்று கொக்கியை ஆட்டியது. இவ வந்தா பந்தியில சோறு பத்தாது. “போங்க தம்பி,” என்றாள். “நேத்தே சொன்னாரு, இப்பெல்லாம் வலி இல்லைன்னு.” “அட, நல்ல முன்னேற்றமாச்சே!” என்று அவன் சந்தோஷமாகத் தூக்கினான், தோளுக்கு மேலே, காதுக்குப் பக்கத்தில், மூட்டுக்குள் ஏதோ நறநறவென்றது அவளுக்கே கேட்டது, கேட்டதா, கேட்டதாக நினைத்தாளா. கன்னம் துடித்தது. வரிசைகள் ஓடின. மூலையிலிருந்த வலிக் கட்டம் வெளிச்சமாவதும் அணைவதுமாக இருந்தது, அது வரும்போதெல்லாம் கன்னம் இழுத்தது, அது போனபோதும் இழுத்தது, பிறகு இழுத்தபடியே நின்றுவிட்டது. “அக்கா, சார் கண்ணுல தண்ணி வருதே?” “காத்துங்க. ஆடிக் காத்து பட்டாலே அவருக்கு வரும்.” எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். சாத்திவிட்டுத் திரும்பாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் அபுதாகிர், “இன்னும் ஒரு செட் போட்டுரலாம் சார், சூப்பரா வருது,” என்று சொன்னது கேட்டது. நிறுத்துங்க தம்பி. நிறுத்துங்க தம்பி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். அவருக்கானால் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கவேண்டும், அவளுக்கு ஒரு மூச்சு போதும், அந்த ஒரு மூச்சை இழுத்து, உள்ளே வைத்து, மூக்கு வழியாக விட்டாள். இன்னும் ஒரு செட் முடிந்தது.

அபுதாகிர் போனபிறகு வீட்டில் இருந்த அமைதி மத்தியானத்து அமைதி இல்லை. மத்தியானம் அது அவளுடையதாக இருந்தது. இப்போது அது யாருடையது என்று தெரியவில்லை. எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் அவளை உலுக்கியது, ஒரு பாவத்துக்கு ஒரு பாரமாவது இருக்கவேண்டாமா, கை நடுங்கவேண்டாமா, குரல் தடுமாறவேண்டாமா, போங்க தம்பி என்று காய்கறிக்காரனிடம் சொல்வது போலல்லவா வந்தது. நாளைக்கும் வரும். நாளைக்கு மகள் ஓசூரிலிருந்து போன் பண்ணினால், அப்பா தூங்கறாரு கண்ணு என்று வரும். டாக்டரிடம் வரும். அவருக்கு இது வேண்டாமாம், அவருக்கு இது போதுமாம், அவர் சொல்லிவிட்டார். யாரும் கேட்க மாட்டார்கள், இவ்வளவு காலம் இப்படிப் பார்த்துக்கொள்கிறாளே என்று கும்பிடுவார்கள். அவள் அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். வலது கை மடியின்மேல் அபுதாகிர் வைத்துவிட்டுப் போனபடியே கிடந்தது. கண்ணீர் மோவாய்வரை ஓடிக் காய்ந்திருந்தது. அவர் மேலே பார்க்கவில்லை, ஓரமாகவும் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார், ஆனால் மக்கு என்று பார்க்கிற பார்வை அது இல்லை, அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும், இது வேறு, இதை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள், எங்கே என்று தேடினாள், கண்ணாடியில். ஓடிப்போய்க் கீபோர்டை இழுத்தாள். கறுப்புத் திரையைத் திறந்து மனப்பாடத்தை ஒப்பித்தாள், ஒரு புள்ளி தவறி இயந்திரம் திட்டியது, மறுபடி அடித்தாள், எழுத்துகள் கடகடவென்று ஓடின, புதியது இறங்கியது, பழையது ஏறியது, அணைத்துப் போட்டாள். திரை இருண்டு திரும்ப வெளுக்கிறவரைக்கும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள், முழங்காலைக் கட்டிக்கொண்டு, என்ன சொல்வார் என்ன சொல்வார் என்று, சொல்லட்டும், எ வரட்டும், ம வரட்டும், அதுக்கெல்லாம் மேலே புதிதாக ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்துச் சொல்லட்டும், கொலைகாரி என்று எழுதட்டும், எவ்வளவு நேரமானாலும் நின்று எச்சிலைத் துடைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டுக்கொள்கிறேன் என்று நினைத்தாள், நினைக்க நினைக்க அந்தத் திட்டுக்காக நாக்கு வறண்டது.

நீல விளக்கு மினுக்குவதை விட்டுவிட்டு நிலையாக எரிந்தது. வெளிச்சம் வரிசைகளில் ஓடத் தொடங்கியது. மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து கீழே. கன்னம் அசையவில்லை. வேலை செய்யவில்லையோ என்று அவள் எழுந்து சென்சாரைத் தொடப்போனபோது முதல் எழுத்து விழுந்தது. த. மென்பொருள் தண்டம் என்று நீட்டியது, அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கன்னம் அதைத் தொடாமல் விட்டது. தண். தண்ணி. கஞ்சிக்குப் பிறகு அவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, “ஐயோ, இதோ கொண்டாரனுங்க,” என்று அடுக்களைக்குள் ஓடினாள், வெறும் தண்ணீர் புரையேறும், கெட்டியாக்குகிற பொடியைப் போட்டுக் கலக்கினாள், ஸ்பூனோடு திரும்பி வந்தபோது அவர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். கு விழுந்திருந்தது. குடு என்று மென்பொருள் தயாராக வைத்திருந்தது, ஒரே இழுப்பில் எடுத்துக்கொள்ளலாம், தினமும் எடுத்துக்கொள்வதுதான். அவர் எடுக்கவில்லை. நெற்றியில் வேர்வை பூத்தது. டு. வரிசை சுற்றி வந்தது. ங். மறுபடி சுற்றி வந்தது, மூக்கு விடைத்தது, கன்னம் ஒரு தடவை தவறியது, அடுத்த சுற்றுக்குக் காத்திருந்து பிடித்தது. க. குரல் எப்போதும் போல ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னது: “தண்ணி குடுங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலோ அந்தக் குரலிலோ அவளுக்கு ஒரு ‘ங்க’ வந்ததில்லை. வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியனுக்கு வந்திருக்கிறது, அவருடைய மேலதிகாரிக்கு, அவருடைய டாக்டருக்கு, அவர் யார் யாருக்குப் பயந்தாரோ அவர்களுக்கெல்லாம் வந்திருக்கிறது. ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனாள், அவள் ஆ காட்டச் சொல்வதற்கு முன்னாலேயே உதடு தன்னால் முடிந்த அளவு விலகியது. ஒரு ஸ்பூன். விழுங்குகிறவரை காத்திருந்தாள். இன்னொரு ஸ்பூன். ஸ்பூன் சாய்ந்து மோவாயில் வழிந்தது, எருமை என்று வரவேண்டிய இடம் இது, அவள் திரையைப் பார்த்தாள், வெளிச்சம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. “ஏனுங்க,” என்றாள். “வேணும்னேதான் பண்ணினேன். என்னைத் திட்டுங்க.” கன்னம் அசையவில்லை. “திட்டுங்க. எப்பவும் போலத் திட்டுங்களேன்.” அவர் நெடுநேரம் அவளைப் பார்த்தார், பிறகு அவள் கையைப் பார்த்தார், ஸ்பூன் பிடித்திருந்த கையை, கீபோர்டுக்கு எட்டும் தூரத்தில் இருந்த கையை. வரிசைகள் சுற்றின. ச விழுந்தது, ரி விழுந்தது, அத்தோடு நிற்கும் என்று அவள் நினைத்தாள், நிற்கவில்லை, எச்சில் வழிய வழிய அவர் மிச்சத்தையும் தேடி எடுத்தார்.

“சரிங்க,” என்றது குரல்.